என் தம்பிக்கு நினைவு தவறவில்லை

எனக்கு எழுபத்தெட்டு வயது நடக்கிறது. பெற்று வளர்த்தது மூன்று. பெறாமல் வளர்த்தது நான்கு. அந்த நான்கில் கடைசிப் பிள்ளைதான் இந்த நினைவு மலரில் படமாக இருக்கும் என் தம்பி. அம்மா இறக்கும்போது அவருக்குப் பால்பல்கூட விழவில்லை. நான் தலை வாரி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்துக் கூட்டிப் போன பிள்ளை. என் வாயில் அவன் என்றுதான் வரும். சபைக்குப் போகிற எழுத்து என்பதால் அவர் என்று சொல்கிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி எழுதுவேன். இப்போது கை நடுங்குகிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் மகள்வழிப் பேத்தி எழுதுகிறாள்.

இதை எழுத நான் ஆசைப்பட்டு உட்காரவில்லை. முதலாம் ஆண்டுக்கு மலர் அச்சடிக்கிறோம் என்று தம்பியின் மகன் இங்கிலாந்திலிருந்து போனில் எழுதி அனுப்பியிருந்தான். பேத்தி வாசித்தாள். பிறந்தது, படித்தது, கடை நடத்தியது எல்லாம் சரி. கடைசியில் ஒரு வரி: ‘இறுதிக் காலத்தில் நினைவு தவறிய நிலையிலும் குடும்பத்தாரின் அன்பில் வாழ்ந்தார்.’ திரும்ப வாசி என்றேன். அதே வரிதான் வந்தது. என் தம்பிக்கு நினைவு தவறவில்லை. கடைசி வரை தெளிவாக இருந்தார். அதை எடுத்துவிட்டு இதைப் போடட்டும், அந்த வரி இருக்கிற மலரில் என் பெயர் இருக்காது. ஆண்டுத் திவசத்துக்கு நான் வந்து உட்காரவும் மாட்டேன். ஏன் என்று எல்லோருக்கும் தெரியட்டும்.

தம்பி பிறந்தது ஆரியசாலைக் கடைத்தெருவில், அப்பாவின் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில். அப்பா கோட்டாற்றிலிருந்து வந்து மல்லியும் வத்தலும் புளியும் மொத்தமாக விற்றவர். வீட்டுக்குள் எப்போதும் வத்தல் நெடி. புதிதாக வருகிறவர்கள் தும்முவார்கள், எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தம்பி பத்தாம் வகுப்பு முடித்த சமயத்தில் அப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அன்று கடையில் உட்கார்ந்தவர், தலை நரைத்த பிறகுதான் எழுந்தார். எனக்கு இளையவள் கல்யாணம், என் மூத்த மகளின் கல்யாணம், எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்னால் நின்றார். வியாபாரத்தில் குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

கரண்ட் பில், தண்ணீர் பில், வீட்டு வரி எதுவானாலும் தம்பி கையில் கொண்டுபோய் வரிசையில் நின்றுதான் கட்டுவார். எங்கள் சந்தில் ஆள்துணை இல்லாத வீடுகளின் பில்லையும் போகிற போக்கில் வாங்கிக்கொள்வார். கவுன்டரில் இருக்கும் பெண்ணிடம் அவள் பிள்ளையின் பரீட்சை என்னாச்சு என்று கேட்காமல் திரும்ப மாட்டார். பணம் என்றால் அவருக்கு இன்னொரு மனிதன் கையில் போய்ச் சேருவது. ரசீதில் சீல் விழுகிற சத்தம் கேட்டால்தான் வீட்டுக்கு வருவார்.

வெளியூர்ச் சொந்தங்களுக்கு எங்கள் தெரு வழக்கம் ஒன்று தெரியாமல் இருக்கலாம். சரக்குத் தந்தவருக்குப் பணம் தீர்க்கும்போது கடைசி ஒரு ரூபாயைக் கொடுக்க மாட்டோம். அது பாக்கியாக நிற்கும். உனக்கும் எனக்கும் தொடர்பு இருக்கிறது, நாளையும் வருவேன் என்று அதற்குப் பொருள். முழுக்கத் தீர்த்தால் இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று பொருள். தேனிப் பக்கத்துப் புளி வியாபாரி ஒருவர் ஒருமுறை கொட்டையும் மண்ணும் கலந்த சரக்கை அனுப்பிவிட்டார். அப்பா கோபத்தில் கடைசிக் காசு வரை எடுத்து வைத்துவிட்டார். அந்த மனிதர் வாசலை விட்டு நகரவில்லை. “அண்ணாச்சி, என்னை ஏசுங்க. சரக்கைத் திருப்பி விடுங்க. இந்த ஒத்த ரூவாயை மட்டும் எடுத்துக்கிடுங்க” என்று கெஞ்சினார். தம்பி அப்போது கல்லாப் பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளை. அன்றிலிருந்து அவரும் யார் கணக்கையும் முழுக்கத் தீர்த்ததில்லை.

தம்பியின் மனைவி போய்ச் சேர்ந்தார். தம்பிக்கு முட்டு வலி வந்தது. ஒரே மகன் வா என்றான். கடையை விற்ற பணத்தோடு இங்கிலாந்துக்குப் போனார். போகாதே என்று நான் சொல்லவில்லை. பிள்ளை கூப்பிட்டால் போகத்தான் வேண்டும்.

போனதும் பாங்கில் கணக்குத் தொடங்கப் பார்த்தார்கள். உங்கள் பெயரில் ஒரு பில் கொண்டுவாருங்கள், இந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி என்றார்களாம். பில்லுக்குக் கேட்டால், உங்கள் பாங்க் கணக்கு எது என்றார்களாம். தம்பி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“பாஸ்போர்ட்டைக் காட்டினேன் அக்கா. விசாவைக் காட்டினேன். நானே முன்னால நிக்கேன். என்னை நம்ப மாட்டான். கரண்ட் பில்லைத்தான் நம்புவானாம்.”

கடைசியில் மகன் அங்கே இங்கே பேசி, வீட்டுக் கரண்டையும் நகரசபை வரியையும் அப்பா பெயருக்கு மாற்றினான். கணக்குத் தொடங்கியது. கடை விற்ற பணம் அதில் போனது. பெயர் போட்ட கார்டு வந்தது. மகன் சொன்னான், “இனி நீங்க ஒண்ணும் செய்யாண்டாம் அப்பா. மாசா மாசம் தானா போயிரும்.”

“தானா போகுமா? என்கிட்ட கேக்காண்டாமா?”

“கேக்காது. அதாக்கும் வசதி.”

“எனக்க பைசா எனக்குத் தெரியாம போகுறதுக்குப் பேரு வசதியாடே? நம்ம ஊர்ல அதுக்கு வேற பேரு.”

மறுவாரமே தம்பி தனியாக பஸ் ஏறி பாங்குக்குப் போய், தானாகப் போவதை நிறுத்தச் சொல்லி எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். பாங்கில் ஆள்களைவிட மெஷின்கள்தான் அதிகமாம். ஒரு மனிதர் வந்து பேசும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை என்று பெருமையாகச் சொன்னார். இதைச் செய்கிற ஆளுக்கா நினைவு தவறியது?

அவர்கள் தெருமுனையில் ஒரு பலசரக்குக் கடை. நடத்துகிறவர் யாழ்ப்பாணத்துத் தமிழர். அங்கே பில்லைக் காட்டிக் காசாகக் கட்டலாம். தம்பிக்குத் தெரிந்த மாதிரியே ஒரு கவுன்டர், ஒரு மனிதர், கையில் ஒரு ரசீது. முதல் பில்லிலேயே ஒரு பவுண்டை நிறுத்திக்கொண்டு மீதியைக் கொடுத்திருக்கிறார்.

“ஏன் ஐயா ஒரு பவுண்டைக் குறைக்கிறியள்?” என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார்.

“அது நிக்கட்டும். அடுத்த மாசமும் வரணும்லா.”

“எனக்கு விளங்குது ஐயா. மெஷினுக்கு உது விளங்காது.”

அடுத்த கரண்ட் பில்லில் பழைய பாக்கி ஒரு பவுண்டு என்று அச்சடித்து வந்தது. தம்பி அதை வீடியோவில் என் முகத்துக்கு நேரே பிடித்தார். “பாத்தியா அக்கா, எழுதி வச்சிருக்கான்! இவனுக்கும் விவரம் தெரியும்” என்று சிரித்தார். மனைவி இறந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நகரசபைக்கு அந்த விவரம் தெரியவில்லை. வரியிலும் அவர் அப்படியே மாதம் ஒரு பவுண்டாக நிறுத்தி வந்தார். அவர்கள் கடிதம் மேல் கடிதம் போட்டார்கள். நம் பாக்கியை மறக்காமல் ஞாபகப்படுத்துகிறார்கள், நல்லதுதான் என்று தம்பி அதையும் மரியாதையாக எடுத்துக்கொண்டார். கோர்ட்டுக்கு வா என்று ஒரு கடிதம் வந்து மகன் கையில் கிடைத்தபோதுதான் வீடு ரெண்டுபட்டது.

“நாலு பவுண்டுக்குக் கோர்ட்டு! ஆளுக சிரிக்காண்டாமா?” என்று கத்தியிருக்கிறான். பணத்தை அந்த நிமிடமே போனில் கட்டினான். அதோடு விட்டிருக்கலாம். தம்பியின் கார்டை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டான். பிறகு ஞாபகசக்தி பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் கூட்டிப் போனான். கடிகாரம் வரையச் சொன்னார்களாம், வரைந்தார். பிரதம மந்திரி பெயர் கேட்டார்களாம். “இன்னைக்கு உள்ளவரா, நேத்து உள்ளவரா?” என்று தம்பி கேட்டாராம். டாக்டரே சிரித்துவிட்டாராம். ஒரு குறையும் இல்லை, வயதுக்கு உள்ள தளர்ச்சிதான் என்று சொல்லி அனுப்பினார். இதை என்னிடம் சொன்னது மகன்தான். ஆனால் டாக்டர் சொன்ன சொல் சொந்தக்காரர்கள் வரை வரவில்லை. டாக்டரிடம் கூட்டிப் போன செய்தி மட்டும் எல்லா வீட்டுக்கும் வந்தது.

கார்டு போன பிறகு முடி வெட்டவும் மகனிடம் கேட்க வேண்டும். பஸ்ஸுக்கும் கேட்க வேண்டும். கொஞ்சம் நோட்டு கையில் வைத்திருந்தார். ஒருநாள் குளிரில் நடந்து போய் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். இங்கே நோட்டு வாங்க மாட்டோம், கார்டு மட்டும்தான் என்று கடையில் நின்ற பெண் சொல்லிவிட்டாள். டீ குடிக்காமல் எழுந்து வந்து என்னைக் கூப்பிட்டார். “பைசா இருக்கு அக்கா. வாங்க ஆளில்லை” என்றார்.

அன்றே மருமகனை, தம்பியின் மகனைத்தான், கூப்பிட்டேன்.

“அப்பாவுக்க கார்டைக் குடு.”

“அத்தே, உங்களுக்கு இங்கத்தெ சிஸ்டம் தெரியாது.”

“தெரியாண்டாம். எனக்கு உங்கப்பனைத் தெரியும்.”

“மறுபடியும் கோர்ட்டு லெட்டர் வந்தா நீங்களா வருவீங்க?”

“வருகேன். டிக்கெட் எடு. ஜட்ஜிட்ட நான் பேசுகேன்.”

“சும்மா இரிங்க அத்தே. அவருக்கு நல்லதுக்காக்கும் செய்யுகேன்.”

கொடுக்கவில்லை.

அவன் கெட்ட பிள்ளை என்று நான் சொல்ல வரவில்லை. மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் குறை வைத்ததில்லை. தம்பிக்கு நெஞ்சு வலித்த அன்று வேலையை விட்டு ஓடி வந்தான், ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்தபடியே இருந்தான். தம்பி மூச்சு நின்றது அந்தப் பிடியில்தான். அஸ்தியை மடியில் வைத்துக்கொண்டு வந்தான், திருவல்லத்து ஆற்றில் கரைத்தோம். எல்லாம் முறையாகச் செய்தான். என் கோபம் அதில் இல்லை.

அஸ்தி கரைத்த அன்று சாப்பாட்டுப் பந்தியில் ஒருவர் பேசினார். பெயர் சொல்லவில்லை. “நாலு பவுண்டுக்குக் கோர்ட்டு வரை போன ஆளாக்கும். கடைசியில பாவம், தலைக்குச் சுகமில்லை” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் வீட்டுக் கரண்ட் பில்லுக்கு எத்தனையோ தடவை வரிசையில் நின்ற என் தம்பியைத்தான் சொன்னார். அன்று எல்லோர் முன்னாலும் மருமகன் வாயைத் திறந்திருக்கலாம். டாக்டர் இப்படிச் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அதே மருமகன் சில மாதம் கழித்து விடுமுறையில் வந்து என் முன்னால் உட்கார்ந்து அழுதான். தம்பி பெயரில் உள்ள கணக்கை அவனால் முடிக்க முடியவில்லை. “அப்பா இறந்துட்டாருன்னு சொல்லுகேன் அத்தே. பாங்குக்காரன் கணக்குக்குச் சொந்தக்காரரைத்தான் பேசச் சொல்லுகான். அவரைப் போன்ல வரச் சொல்லுங்கன்னு சொல்லுகான்.”

“இதுக்கு யாரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவே?” என்று கேட்டேன். அதற்கப்புறமும் ‘நினைவு தவறிய’ என்று எழுதி அனுப்பியிருக்கிறான் என்றால் என் வயிறு எரியுமா எரியாதா?

போனில் பணம் கட்டுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. கழக்கூட்டம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் இந்தப் பேத்திதான் என் வீட்டுப் பில் எல்லாம் போனில் கட்டுகிறாள். என்னிடம் தொகையைக் காட்டி, “கட்டட்டா ஆச்சி?” என்று கேட்பாள். நான் கட்டு என்ற பிறகுதான் விரலை வைப்பாள். என்ன பெரிய நேரம் ஆகிவிடுகிறது? ஒருநாள் கூட என்னைக் கேட்காமல் செய்ததில்லை. என் தம்பி கேட்டதும் அவ்வளவுதான். வேறு ஊர், வேறு பாஷை, வேறு முறை எல்லாவற்றையும் படிக்கத் தயாராகத்தான் இருந்தார். தன் பணத்தைத் தன்னிடம் கேட்டுச் செய்யுங்கள் என்றார். அதற்கு நீங்கள் வைத்த பெயர் மறதி.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். இறுதிச் சடங்கு அன்று கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்ற யாழ்ப்பாணத்துக் கடைக்காரருக்கு நன்றி. முகம் பார்த்ததில்லை, ஆனால் அந்த ஊரில் என் தம்பியை ஐயா என்று கூப்பிட்டவர் அவர்தான். வேலைக்குப் போகும் முன் அவருக்கென்று தனியாகக் கஞ்சி வைத்துக் கொடுத்த தம்பியின் மருமகளுக்கு நன்றி. திருவல்லத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி. பந்தியில் சிரித்தவர்களுக்கு மலர் அனுப்பினால் போதும், நன்றி கிடையாது.

மருமகனுக்கு நன்றியும் உண்டு, கோபமும் உண்டு. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளட்டும்.

பேத்தி பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்க்கிறாள். “ஆச்சி, இங்கிலாந்து மாமாவுக்கு ரொம்ப விஷமம் ஆகும், மனசு நோகும், கேட்டியா?” என்கிறாள். ஆகட்டும். பேனாவைத் திற, இதையும் எழுது. அவனைப் பற்றிய இந்தப் பேச்சை அவனிடம் கேட்காமல் நான் அச்சுக்குக் கொடுக்க மாட்டேன். அங்கே இப்போது காலைதான், எழுந்திருப்பான். கூப்பிடு மக்களே. எடுத்துவிட்டானா? சத்தமாக வை, எனக்கும் கேட்கட்டும். நீயாக ஒன்றும் பேசாதே. முதலிலிருந்து வாசி, ஒரு வார்த்தை விடாமல்.