சொக்லேட்டுக்குப் பதம் பார்த்த கதை

போன கிழமை என்னை ஒரு குசினியிலிருந்து வெளியேற்றினார்கள். மிகவும் மரியாதையாகத்தான். ஹோலுக்குள் ஒரு கதிரையைப் போட்டு, ஃபானை என் பக்கம் திருப்பிவிட்டு, “பெரியம்மா, நீங்கள் இதில இருந்து எல்லாத்தையும் பாருங்கோ. ஒண்டையும் தொட வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள் என் தங்கை மகள்.

இத்தனை வருஷம் அடுப்போடு மல்லுக்கட்டியவளுக்கு இந்த நிலைமை எப்படி வந்தது? சொல்கிறேன். என் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கொஞ்சம்தான்.

லீவுக்குப் பரந்தனில் இருக்கும் தங்கை சுமதி வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு கிழமை எழுத்தும் இல்லை, சமையலும் இல்லை, சும்மா இருக்கப் போகிறேன் என்று கொழும்பில் ரெயில் ஏறும்போதே அறிவித்திருந்தேன். சும்மா இருப்பது என்ன லேசான வேலையா? இரண்டாம் நாளே சுமதியின் உப்புப் போத்தலை இடம் மாற்றி வைத்தேன். மூன்றாம் நாள் அவள் குழம்புக்குப் புளி கரைக்கும் விதம் பற்றி அபிப்பிராயம் சொன்னேன். நான்காம் நாள் சுமதி தன் மகளைக் கூப்பிட்டு, “நாளைக்கு உன்ர வகுப்புக்குப் பெரியம்மாவையும் சேர்” என்றாள். பாசத்தில் சொல்கிறாள் என்று அப்போது நினைத்தேன்.

மகள் பெயர் தர்சினி. வவுனியாவில் கம்பஸ் முடித்தவள். படிக்கிற காலத்திலேயே சிநேகிதிகளின் பிறந்தநாளுக்குச் சொக்லேட் செய்து கொடுத்துப் பழகி, பிறகு அதிலேயே பைத்தியமாகி, அச்சு, வெப்பமானி, வர்ணக் கடதாசி என்று ஒரு அலுமாரி நிறையச் சேர்த்து வைத்திருக்கிறாள். வீட்டிலேயே ஒருநாள் வகுப்பு வைத்துச் சொக்லேட் செய்யப் பழக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

அவளுடைய அப்பா யோகன் வயல் செய்கிறவர். மகள் அரசாங்கக் கந்தோரில் ஒரு கதிரையில் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அவருக்குப் போதும். நெடுநாள் இழுபறிக்குப் பிறகு ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

“ஒரு வகுப்பு வைச்சுப் பார் பிள்ளை. வந்த சனம் குறை சொல்லாமல் போச்சுதெண்டால் தொடர்ந்து செய். இல்லையெண்டால் வாற மாசம் கொழும்பில பெரியம்மா வீட்டில நிண்டு கணக்கியல் கோர்ஸ் படி. பிறகு சொக்லேட் எண்ட கதையே எடுக்கக் கூடாது.”

ஆக, தோற்றால் தண்டனை என் வீடு. இதை யாரும் என் முகத்துக்கு நேரே இப்படிச் சொல்லவில்லை. நானே விளங்கிக்கொண்டேன்.

வகுப்பன்று காலையில் யோகன் வயலுக்குப் புறப்படும்போது இன்னொரு விஷயமும் சொன்னார். “ரஜனி ரீச்சரும் வாறாவாம். அவா சரியெண்டால் பரந்தன் முழுக்கச் சரி. அவா முகத்தைச் சுளிச்சால் முடிஞ்சுது.”

ரஜனி ரீச்சர் முன்பள்ளி ஆசிரியை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப்பேருக்கு ‘அ’னா எழுதிக் கொடுத்தவர். பெற்றோருக்கும் அவரிடம் பயம் உண்டு. ஒன்பது மணிக்கு முதல் ஆளாக வந்து முன் வரிசையில் இருந்துகொண்டார். என்னைக் கண்டதும், “நீங்கள்தானே பேப்பரில எழுதுறனீங்கள்? நான் ஒரு கிழமையும் விடாமல் வாசிக்கிறனான்” என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்தது.

“சில கிழமை நல்லாயிருக்கும்” என்றும் சொன்னார்.

ஹோல் நிறையப் பெண்கள். ஆகஸ்ட் வெயில் ஓட்டுக்கு மேலே நின்று கொதிக்கிறது. தர்சினி தலைமுடியை இறுக்கிக் கட்டி, ஏப்ரன் போட்டு, நடுங்குகிற குரலைச் சமாளித்துக்கொண்டு ஆரம்பித்தாள். முதல் வசனமே இதுதான்.

“சொக்லேட்டுக்கு முதலாவது எதிரி தண்ணி. கை ஈரமெண்டால் துடையுங்கோ. கரண்டி ஈரமெண்டால் துடையுங்கோ. ஒரு துளியும் படக் கூடாது.”

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆனால் மனசுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டேன்: இது புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சொல்வது, அனுபவசாலிகளுக்கு அல்ல.

ஐம்பது தாண்டியவர்கள் வகுப்புக்குப் போனால் இதுதான் சிக்கல். நாங்கள் படிக்கப் போவதில்லை. எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை யாராவது ஒருதரம் கேட்டுத் தொலைக்க மாட்டார்களா என்று காத்துக்கொண்டு இருக்கப் போகிறோம். யாரும் கேட்காவிட்டால் நாங்களாகவே செய்து காட்டுகிறோம்.

எனக்குத் தெரிந்தது என்ன? பாகு. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், என் பாகுப் பதம் பற்றி நானே எத்தனை தடவை பெருமையடித்திருக்கிறேன் என்று. பயற்றம் பணியாரமோ அரியதரமோ, பாகு காய்ச்சுவது என்றால் சொந்தத்தில் எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். விரலைத் தண்ணீரில் நனைத்து, பாகில் ஒரு சொட்டுத் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்துப் பார்த்தால் கம்பி மாதிரி வரவேண்டும். இன்னும் சந்தேகமா? ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் திரள வேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

தர்சினி வவுனியாவில் வாங்கிவந்த சொக்லேட் கட்டிகள் எல்லாவற்றையும் குசினியில் ஒரே பாத்திரத்தில் போட்டு, கொதிநீர்ச் சட்டிக்கு மேலே வைத்து உருக்கினாள். உருகியதும் ஹோலுக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பதாகத் திட்டம். அச்சுகளைத் துடைத்துக் காட்டுவதற்காக அவள் ஹோலுக்குப் போக வேண்டியிருந்தது. சுமதி வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்றாள்.

“பெரியம்மா, இதை மெல்லமாக் கிளறிக்கொண்டு நில்லுங்கோ. வேற ஒண்டும் செய்ய வேண்டாம்.”

வேறொன்றும் செய்ய வேண்டாம். எவ்வளவு தெளிவான தமிழ். ஆனால் உங்களையே கேட்கிறேன், அடுப்பில் ஒரு பாத்திரம் இருக்கிறது, அதில் ஏதோ உருகி மினுமினுத்துக்கொண்டு வருகிறது, இனிப்பு வாசம் மூக்கில் ஏறுகிறது... பதம் பார்க்காமல் நிற்க முடியுமா?

விரலை நனைத்தேன். ஒரு சொட்டுத் தொட்டேன். இழுத்துப் பார்த்தேன். கம்பி வரவில்லை. சரி, இன்னும் காய வேண்டும் போல என்று கிளறினேன். மறுபடி நனைத்தேன், தொட்டேன், இழுத்தேன். அப்போதும் வரவில்லை. கோப்பைத் தண்ணீரில் ஒரு கரண்டி விட்டுப் பார்த்தேன். அது நன்றாகவே திரண்டு அடியில் போய் இருந்தது. அப்பாடா என்று இருந்தது. நல்ல சொக்லேட்டை வீணாக்கலாமா? அந்தத் திரளைக் கரண்டியால் அள்ளி, ஒட்டியிருந்த தண்ணீரோடு சேர்த்துப் பாத்திரத்துக்குள்ளேயே போட்டேன்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? பளபளவென்று இருந்தது பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கியது. கரண்டி இறுகியது. கிளறக் கிளற, பிசைந்து மறந்துபோன குரக்கன் மா மாதிரிக் கட்டி கட்டியாக நின்றது. பயத்தில் அடுப்பைக் கூட்டினேன். அது இன்னும் மோசமானது.

தர்சினி வந்து பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு கோப்பையைப் பார்த்தாள்.

“பெரியம்மா, தண்ணி பட்டதோ?”

“கொஞ்சம்... விரல்தான் நனைச்சனான். பதம் பார்க்க.”

திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கண் இரண்டும் நிறைந்து வந்தது அந்தப் பிள்ளைக்கு. ஹோலில் அத்தனை பேர் வெறும் அச்சைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். முன் வரிசையில் ரஜனி ரீச்சர். வேறு கட்டி வாங்குவதென்றால் வவுனியாவுக்குப் பஸ் ஏற வேண்டும். ஒரு பிள்ளையின் ஆசையை ஒரு விரல் தண்ணீரில் கரைத்துவிட்டேனே என்று உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

வெட்கம் வந்தால் மனிதருக்கு மூளை வேலை செய்யாது. நான் மெல்லச் சொன்னேன். “கரண்ட் போட்டுது, அதுதான் பழுதாப் போச்செண்டு சொல்லுவமோ?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் தலைக்கு மேலே லைட் நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. ஹோலில் ஃபான் சுற்றுகிற சத்தமும் கேட்டது. போதாக்குறைக்கு அடுப்பு காஸ் அடுப்பு.

தர்சினி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துணியால் பாத்திரத்தைப் பிடித்துத் தூக்கி, நேரே ஹோலுக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“எல்லாரும் கிட்ட வந்து பாருங்கோ. தண்ணி படக் கூடாதெண்டு சொன்னனான் எல்லோ? பட்டால் இப்பிடித்தான் வரும். ஒருத்தரும் வீட்டில செய்து பார்க்கத் தேவையில்லை. பெரியம்மா செய்து காட்டிட்டா.”

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். ரஜனி ரீச்சர் கரண்டியால் ஒருதரம் குத்திப் பார்த்துவிட்டுக் கேட்டார். “வேணுமெண்டு செய்து காட்டினதோ?”

எனக்குள் இருந்த எழுத்தாளர் விழித்துக்கொண்டார். ‘ஓம்’ என்று ஒரு சொல். மானம் மரியாதை எல்லாம் திரும்பி வந்துவிடும். வாயைத் திறந்தேன். அதற்குள் தேத்தண்ணித் தட்டோடு நின்ற சுமதி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். கூடப்பிறந்தவர்களை நம்பி எதையும் செய்யக் கூடாது.

“இல்லை ரீச்சர். பாகெண்டு நினைச்சிட்டன்” என்றேன்.

ஹோலே சிரித்தது. ரஜனி ரீச்சர் சிரிக்கவில்லை. “நானும் அப்பிடித்தான் பார்த்திருப்பன்” என்று மெல்லச் சொன்னார். அவர் காலில் விழலாம் போல இருந்தது.

“சரி பிள்ளை, இனி இதை என்ன செய்யிறது? கொட்டுறதோ?” என்று ரீச்சர் கேட்டார்.

“கொட்டத் தேவையில்லை. கொஞ்சமாத் தண்ணி பட்டால்தான் இறுகும். இன்னும் விட்டால் இளகும்” என்றாள் தர்சினி. சூடான பாலைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்தாள். கட்டியெல்லாம் மெல்ல மெல்லக் குழைந்து மறுபடி மினுமினுப்பு வந்தது. எனக்கும் மூச்சு வந்தது. “ஆனால் இது இனி அச்சில நிண்டு காயாது. உருட்டத்தான் சரி. பிடிச்சு உருட்டுறதுக்கு ஏதாவது மா வேணும்.”

சுமதி உள்ளே போய் ஒரு பெரிய தகர ரின்னைக் கொண்டுவந்தாள். எனக்கு அந்த ரின்னைத் தெரியும். நான் கொழும்புக்குக் கொண்டுபோவதற்கென்று அவள் பயறு வறுத்து, மில்லில் கொடுத்துத் திரித்து வைத்த பயற்றம் மா. மூடியைத் திறக்க முன் என்னைப் பார்த்தாள். வயிறு எரிந்தது. என்ன செய்ய? தலையாட்டினேன். ரின் காலியானது.

அதற்குப் பிறகு அந்த ஹோலைப் பார்த்திருக்க வேண்டும். அதுவரைக்கும் வெப்பமானியையும் அச்சையும் பார்த்துப் பயந்துபோய் இருந்த பெண்கள், உருண்டை என்றதும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லியா கொடுக்க வேண்டும்? ஒருவர் தேங்காய்த் துருவலை வறுத்துப் பிரட்டினால் நல்லது என்றார். இன்னொருவர் ஏலக்காய் போடச் சொன்னார். தர்சினி எதையும் மறுக்காமல், ஒவ்வொன்றும் ஏன் சரி, எது ஏன் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனாள். குரலில் நடுக்கம் போய்விட்டிருந்தது. தேங்காய்த் துருவல் வறுக்க நானும் உதவிக்குக் குசினிக்குள் போனேன். அப்போதுதான் அந்தக் கதிரை வந்தது.

மத்தியானம் ஆளுக்கொரு பெட்டியோடு புறப்பட்டார்கள். வாசலில் ரஜனி ரீச்சர் நின்று கேட்டார். “இண்டைக்கு உருண்டை சரி. அச்சில விடுறதை எப்ப பழக்கப் போறீர்?”

அதற்கு மற்றவர்களும், ஓம் அதை எப்போது என்று தர்சினியைச் சூழ்ந்துகொண்டார்கள். சரியாக அந்த நேரம் யோகன் வயலால் வந்து சைக்கிளை நிறுத்தினார். ரீச்சர் அவரைக் கண்டதும், “உங்கட பிள்ளைக்கு நல்லாப் படிப்பிக்க வருது. பிழைச்சுப் போனதைத் திருத்தவும் தெரியுது” என்றார்.

“என்ன பிழைச்சது?” என்று யோகன் கேட்டார்.

ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். “அது பாடத்தில வாறது” என்றுவிட்டு ரீச்சர் போய்விட்டார்.

யோகன் ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. இரண்டாவதையும் எடுத்தார். ஹோலுக்குள் நின்று அண்ணாந்து கூரையைப் பார்த்துவிட்டு, “இதுக்குள்ள இவ்வளவு பேரெண்டால் சரியான வெக்கை. அந்த மூலையில இன்னொரு ஃபான் போடோணும்” என்றார்.

கணக்கியல் கோர்ஸ் பற்றிப் பிறகு யாரும் கதைக்கவில்லை. தர்சினி குசினிக்குள் ஓடிப்போய்த் தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் கண்ணும் கலங்கிவிட்டது. வந்து என்னையும் கட்டிப்பிடித்தாள். எவ்வளவு பெரிய மனசு இந்தப் பிள்ளைக்கு என்று உருகிப்போய்க் கேட்டேன்.

“அடுத்த வகுப்பை எப்ப பிள்ளை வைக்கிறாய்?”

“நீங்கள் எப்ப பெரியம்மா கொழும்புக்குப் போறியள்?”

“செவ்வாய்க்கிழமை காலமை ரெயிலில.”

“அப்ப புதன்கிழமை வைக்கிறன்.”