நூற்றிருபதாவது கப்

என் வீட்டுக்காரரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மண் வனையும் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தால் ராஜா. எழுந்தால் எல்லாவற்றுக்கும் பயம். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். மண் கப்பும் சட்டியும் செய்து பிழைக்கிற மனிதருக்கு, உடையப்போகிறதே என்ற பயம் வேறு தனியாக. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப் போயிருந்தது. அதனால் அவர் பயப்பட்டால் நான் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

எங்கள் பட்டறை இருந்த கட்டடத்தை விற்றுவிட்டார்கள். அங்கே வண்டிகள் நிறுத்த இடம் கட்டப்போகிறார்களாம், ஆறு மாதத்தில் காலி செய்ய வேண்டும். ஐந்து மாதம் அவர் கவலைப்பட்டார். ஆறாவது மாதம் நான் முடிவெடுத்தேன். பஸ்ஸில் பதினோரு மணி நேரத் தொலைவில் ஒரு பழைய கிடங்கு இருப்பதாக என் அத்தை மகன் சொன்னான். பின்னாலேயே ஓடை, கரை முழுக்கச் சிவப்புக் களிமண்.

"வாசலைத் தாண்டினா மண்ணு. இதைவிட என்ன வேணும்?" என்றேன்.

"புது மண்ணும்மா. அதோட குணம் நமக்குத் தெரியாதே."

"என் குணம் தெரிஞ்சா கட்டிக்கிட்டீங்க?"

மறுநாள் காலையில் அவர் சாக்பீஸ் வாங்கக் கிளம்பினார்.

சூளையைப் பிரித்து, திரும்பக் கட்டும்போது குழம்பக் கூடாதென்று ஒவ்வொரு செங்கல்லிலும் சாக்பீஸால் எண் போட்டார். லாரி பாதி வழி போகும்போது மழை பிடித்துக்கொண்டது. இறக்கிப் பார்த்தால் ஒரு கல்லிலும் எண் இல்லை. திரும்பக் கட்டப் பதினெட்டு நாள் ஆனது. அந்தப் பதினெட்டு நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை, நான் திட்டுவதில் குறை வைக்கவில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. சூளையிலிருந்து எடுத்த ஒவ்வொன்றையும் காதோரம் பிடித்து விரல் முட்டியால் தட்டுவார். 'ணங்' என்றால் நல்லது. 'டப்' என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் என்று அர்த்தம், ஓரங்கட்டிவிடுவார். கண்ணை நம்ப மாட்டார், என்னைச் சுத்தமாக நம்ப மாட்டார், காதை நம்புவார். அந்தக் காது ஒரு தடவைகூட அவரை ஏமாற்றியதில்லை.

புது இடத்தில் முதல் ஆர்டர் ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. பிள்ளைகள் பால் குடிக்க, பிஞ்சுக் கை பிடிக்கிற அளவில் நூற்றிருபது கப். கரையின் மேல்மண்ணை எடுத்து முதலில் ஐந்து செய்து பார்த்தார். ஒரு வாரம் அதில்தான் டீ குடித்தோம், ஒரு குறையும் இல்லை. நூற்றிருபது கப்புக்கு அந்த மேல்மண் போதவில்லை. ஆழமாகத் தோண்டினார். அங்கேயும் அதே நிறம், அதே வழவழப்பு.

வியாழக்கிழமை சூளையைத் திறந்தோம். உபரியாகச் செய்ததையும் சேர்த்து நூற்று முப்பத்து நாலு. உட்கார்ந்து அத்தனையையும் தட்டினார். அத்தனையும் ணங்.

"ரெண்டு மூணு நாள் அலமாரியில வெச்சுப் பார்த்துட்டுக் குடுக்கலாமே," என்றார்.

"எல்லாந்தான் நல்லா பேசிடுச்சே, இன்னும் என்ன ஜாதகமா பார்க்கணும்?"

வெள்ளிக்கிழமை காலையில் நானே ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைமை டீச்சர் அப்போதே கழுவி அதில் பால் ஊற்றிக் கொடுத்தார். பெருமையாக வீடு திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தோம். அலமாரிப் பக்கம் 'டிக்' என்று ஒரு சத்தம். பல்லி என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு 'டிக்'. அவர் எழுந்து போனார். போனவர் திரும்பவில்லை. நான் போய்ப் பார்த்தபோது, மிச்சமிருந்த பதினாலு கப்பில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்பக்கம், விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, அரை நகம் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. பெயர்ந்த குழியின் நடுவில் கடுகளவு வெள்ளைப் புள்ளி. அதை நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"சுண்ணாம்பு," என்றார். "ஆழத்து மண்ணுல சுண்ணாம்புக் கல்லு இருந்திருக்கு. சூளையில வெந்துடுச்சு. இப்ப காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சு ஊதுது. ஊதி மேல இருக்கிற சில்லைப் பெயர்த்துத் தள்ளுது. கேள்விப்பட்டிருக்கேன், பார்த்ததில்ல."

"தட்டினப்ப ணங்குன்னுச்சே?"

"வியாழக்கிழமை அது நல்ல கப்புதாம்மா."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் அலமாரித் தட்டில் கிடந்த சில்லை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடிச் சில்லு மாதிரி கூரான துண்டு. நாலு வயசு, அஞ்சு வயசுப் பிள்ளைகள். மடக்கென்று பாலைக் குடிக்கிற பிள்ளைகள்.

பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். பூட்டு. போன் போட்டால், பூட்டிய கட்டடத்துக்குள்ளேயே மணி அடிப்பது வெளியே எங்களுக்குக் கேட்டது. டீச்சர் வீடு எங்கே? தெரியாது. எதிர்க்கடைக்காரருக்கும் தெரியாது. பழைய இடமாக இருந்தால் பத்து வீட்டுக் கதவைத் தட்டியிருப்பேன், பதினோராவது வீட்டில் விஷயம் கிடைத்திருக்கும். இங்கே எங்களுக்கு யாரைத் தெரியும்? எங்களைத்தான் யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்து அலமாரிக்கு எதிரே உட்கார்ந்தோம். ஒவ்வொரு 'டிக்'குக்கும் அவர் தோள் தூக்கிப் போட்டது. இருட்டுவதற்குள் நாலு கப் போய்விட்டது. "ஒண்ணும் ஆகியிருக்காது" என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தது நான்தானே.

திங்கள் காலை ஏழு மணிக்கே பள்ளி வாசலில் நின்றோம். எப்போதும் என்னை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நிற்கிற மனிதர், டீச்சரைக் கண்டதும் அவரே போனார். "அம்மா, நான் குடுத்த கப்புல கோளாறு இருக்கு. ஒரு பிள்ளைகூட அதுல வாய் வைக்கக் கூடாது," என்றார். டீச்சர் முகம் மாறிவிட்டது. உடனே அலமாரியைத் திறந்துவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். பதினொன்றில் சில்லு பெயர்ந்திருந்தது, துண்டுகள் அலமாரித் தட்டிலேயே கிடந்தன. அப்பாடா என்று எண்ணி முடித்தால் நூற்றுப் பத்தொன்பது. திரும்ப எண்ணினாலும் நூற்றுப் பத்தொன்பதுதான்.

"அந்தக் குட்டிப் பொண்ணு எடுத்துட்டுப் போயிருப்பா," என்றார் ஆயா. "வெள்ளிக்கிழமை பூரா கையிலயே வெச்சிருந்தா."

"அவ இன்னிக்கு வரலயே," என்றார் டீச்சர். சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. "வயித்து வலின்னு இப்பதான் அவங்கம்மா போன் பண்ணாங்க."

என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன், வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

ஆயா பின்னாலேயே ஓடிவந்து வழி காட்டினார்; வீடு நாலு சந்து தள்ளி, மாடியில். படியேறியபோது அவருக்கு மூச்சு இரைத்தது. கதவைத் திறந்த பிள்ளையின் அம்மாவிடம் கப் எங்கே என்று கேட்டார். "எந்தக் கப்பு?" என்றாள் அவள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டிலில் போர்வையை மூக்கு வரை இழுத்து மூடியிருந்த பிள்ளை, கப் என்ற சொல்லைக் கேட்டதுமே அழ ஆரம்பித்தது.

அவர் தரையில் முட்டி போட்டார். "கண்ணு, எங்க வலிக்குது? அந்தக் கப்புல இருந்து ஏதாவது முழுங்கிட்டியா? பயப்படாம சொல்லு."

பிள்ளை எழுந்து, கட்டிலுக்கு அடியில் புகுந்து, துண்டில் சுற்றிய கப்பை எடுத்து வந்தது. உள்பக்கம் குழி. வெள்ளைப் புள்ளி. அவர் விரலால் குழியைத் தடவினார்.

"இதுல இருந்து ஒரு துண்டு விழுந்திருக்குமே. அது எங்கம்மா?"

பிள்ளை பென்சில் டப்பாவைத் திறந்தது. ரப்பருக்கும் ஷார்ப்னருக்கும் நடுவில், பசை பூசி ஈச்சங்கொட்டை மாதிரி காய்ந்துபோய், அந்தச் சில்லு இருந்தது.

"நான் கீழ போடல, சத்தியமா போடல. நேத்து பார்த்தா உடைஞ்சிருந்துச்சு. ஒட்டி வெச்சிடலாம்னு பார்த்தேன், ஒட்டவே மாட்டேங்குது. டீச்சர் அடிப்பாங்க."

"அப்ப வயித்து வலி?" என்றாள் அம்மா.

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது.

அவர் அந்தச் சில்லை எடுத்துக் குழியில் வைத்துப் பார்த்தார். காய்ந்த பசையை நகத்தால் சுரண்டிவிட்டும் இரண்டு தடவை தவறியது. மூன்றாவது தடவை சரியாக உட்கார்ந்தது. முழுத் துண்டும் இருந்தது, ஒரு பொடிகூடக் குறையவில்லை. அதைப் பிடித்தபடியே அவர் அழுதார். யார் வீடு, யார் பார்க்கிறார்கள் என்றெல்லாம் யோசிக்கவில்லை.

"நீ உடைக்கலடா கண்ணு. நான்தான் உடைச்சேன்."

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவரைச் சந்தேகமாகப் பார்த்தது. "நீங்க இங்க வரவே இல்லையே?"

"செய்யும்போதே உடைச்சுட்டேன். தெரியாம."

நான் நிலைப்படியில் நின்றிருந்தேன். "அவர் பொறுத்துக் குடுக்கலாம்னுதான் சொன்னாரு. அவசரப்பட்டது நான்," என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய், அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.