நேர்முகப் பரீட்சைக்குத் துணைக்கு வந்தவர்

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவி. நடந்த இடம் நுவரெலியா டவுனில் ஓர் அலுவலகத்தின் வரவேற்பறை. இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. தங்கச்சியிடம்கூடப் பாதிதான் சொன்னேன்.

எங்கள் வீடு நோர்வூட்டுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. நான் எட்டாம் ஆண்டு படிக்கும்போதே அப்பா தவறிவிட்டார். கொழுந்து எடுத்துத்தான் அம்மா எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தார். இறுதியாண்டில் எல்லோரும் வேலைக்கு விண்ணப்பம் போட ஆரம்பித்தபோது எனக்கு வந்த முதல் தலைவலி முகவரி. லயத்து வீட்டுக்கு இலக்கமும் கிடையாது, வீதிப் பெயரும் கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும். அங்கே யாருக்காவது ஞாபகம் வந்தால், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். எனக்கு முந்தின வருஷம் படித்த ஓர் அக்காவுக்கு இன்டர்வியூ கடிதம் கைக்கு வந்தபோது, இன்டர்வியூ முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அதனால் நான் நோர்வூட்டில் சாமான் வாங்கும் கடையின் முகவரியைப் போட்டேன். கடைக்காரரை நானா என்றுதான் கூப்பிடுவோம், தங்கமான மனுஷன். "போடுங்க தங்கச்சி, கடுதாசி வந்தா நானே கோல் எடுத்துச் சொல்றேன்" என்றார். எங்கள் பக்கம் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறோம், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் 'ஸ்டோர்ஸ், பிரதான வீதி' என்று எழுதியதும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதுதான் தப்பு. இதைப் பார்த்து யாரும் என்னைத் தோட்டத்துப் பிள்ளை என்று சொல்ல முடியாது! முதலாம் ஆண்டில் விடுதியில் ஒருத்தி, "ஐயோ, நீங்க லயத்துலயா இருக்கீங்க?" என்று கேட்டாள். அவள் முகத்தில் தெரிந்த பரிதாபத்தை நான் அதுவரை மறக்கவே இல்லை.

நானா சொன்னபடியே போனில் கூப்பிட்டார். தோட்டத்துத் தாய்மாரின் போசாக்கு சம்பந்தமான ஒரு திட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், நுவரெலியாவில் இன்டர்வியூ. அந்த வேலை கிடைத்தால் கொழுந்து எடுக்கும் மலையிலிருந்து அம்மாவை இறக்கிவிடலாம். என் கணக்கெல்லாம் அதுதான். தனியாகப் போய்க்கொள்கிறேன் என்றால் அம்மா கேட்கவில்லை. அன்றைக்கு வேலைக்குப் போகாமல், திருவிழாவுக்கு மட்டும் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பஸ்ஸில் வைத்து நான் அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன். "யாராச்சும் கேட்டா தோட்டம்னு சொல்லாதீங்கம்மா. நோர்வூட்டுன்னு மட்டும் சொல்லுங்க."

அம்மா ஏன் என்று கேட்கவில்லை. "சரி புள்ள" என்றார்.

இன்டர்வியூ அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த மேடம் தமிழில் பேசினார், நல்ல மாதிரி. என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "ஸ்டோர்ஸ்னு இருக்கே, உங்க வீட்டுக் கடையா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் "ஆமாங்க மேடம்" என்றேன்.

"இந்த வேலை முழுக்கத் தோட்டத்துலதான். அந்தப் பக்கம் பழக்கம் இருக்கா?"

"ரெண்டு மூணு தடவ போய்ப் பார்த்திருக்கேன் மேடம்."

பிறந்து வளர்ந்த இடத்தைப் பற்றித்தான் அப்படிச் சொன்னேன்! மேடம் பேனாவைக் கீழே வைத்தார். தோட்டத்துக்குள்ளேயே வாழ்ந்த ஒரு பிள்ளை கிடைத்தால் நல்லது என்று தேடுகிறோம், வேறொன்றும் இல்லை என்றார். இப்போது மாற்றிச் சொன்னால் பொய்க்காரி ஆகிவிடுவேன், சொல்லாவிட்டால் வேலை இல்லை. நன்றி சொல்லி எழுந்து வந்தேன். வந்த பதற்றத்தில் சான்றிதழ் ஃபைலை மேசையிலேயே விட்டுவிட்டேன்.

வெளியே மழை. வாசலில் நின்ற அம்மாவை யாரோ உள்ளே கூப்பிட்டு வரவேற்பறையில் உட்கார வைத்திருந்தார்கள். அம்மா செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். தோட்ட அலுவலகத்துக்குள் போகும்போது எங்கள் ஆட்கள் அப்படித்தான் போவார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. செருப்பைப் போடச் சொல்லலாம் என்று நெருங்குவதற்குள், பின்னால் மேடம் என் ஃபைலோடு வந்துவிட்டார்.

அவரைக் கண்டதும் அம்மா சட்டென்று எழுந்து நின்றார். மேடம் அம்மாவின் காலைப் பார்த்தார், கொழுந்துக் கறை ஏறிய விரல்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அம்மாவை உரித்து வைத்த மாதிரி இருப்பேன் என்று எல்லோரும் சொல்வார்கள்.

"நீங்க தோட்டத்துல இருந்தா வர்றீங்கம்மா? இந்தப் புள்ளைக்கு நீங்க என்ன வேணும்?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"தெரிஞ்ச புள்ளதாங்க" என்றார் அம்மா. "தனியா வரப் பயந்துச்சு. தொணைக்கு வந்தேன்."

நான் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஊரை மறைக்கத்தான் சொன்னேன். என் முகத்தைப் பார்த்து, தன்னையே மறைக்க வேண்டும் என்று அம்மாவாக முடிவு பண்ணிக்கொண்டார். "இல்லைங்க மேடம், இது என் அம்மா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொல்லவில்லை. மேடம் ஃபைலை என் கையில் கொடுத்துவிட்டு, "ஏன்மா நிக்கிறீங்க, மழை விடுற வரைக்கும் உக்காருங்க" என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பி வர ஹட்டன் பஸ்ஸில் ஏறினோம். தலவாக்கலை தாண்டிய பிறகு அம்மா மெல்லக் கேட்டார், "நான் சொன்னது சரியா புள்ள? வேலைக்கு ஒண்ணும் பங்கம் வராதே?"

கோபத்தில் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சரிதாம்மா" என்றேன். பாவி, அந்த வார்த்தை எப்படித்தான் என் வாயில் வந்ததோ.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. ராகலைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்திக்குக் கிடைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவள் தன் அம்மா கொழுந்து எடுக்கிறார், லயத்தில் இருக்கிறோம் என்று எல்லாவற்றையும் அங்கே சொல்லியிருக்கிறாள். அவள் மேல் எனக்குப் பொறாமையே வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்து வந்த ஒவ்வொரு இன்டர்வியூவிலும், கேட்காமலேயே நானும் சொன்னேன். ஒரு வருஷம் கழித்து ஹட்டனில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அம்மாவும் மலையிலிருந்து இறங்கிவிட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் ஒரு விழா. குடும்பத்தாரையும் அழைத்து வரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எந்தச் சேலை கட்டலாம் என்று இரண்டை எடுத்து வைத்துப் பார்த்தார். பிறகு, அதே குரலில், சேலையைப் பற்றிக் கேட்ட மாதிரியே கேட்டார்.

"அங்க யாராச்சும் கேட்டா, நான் ஒனக்கு என்ன வேணும்னு சொல்லணும்?"

"அம்மான்னு சொல்லுங்கம்மா" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அம்மாவுக்கு நான் ஏன் அழுகிறேன் என்றே புரியவில்லை. "அப்படிச் சொன்னா ஒனக்குப் பரவாயில்லயா?" என்று மறுபடியும் கேட்டார்.

என்னைப் பெற்றவர், என் அம்மா என்று சொல்லிக்கொள்ள என்னிடமே உத்தரவு கேட்கும்படி ஆக்கிவைத்தவள் நான்தான் என்பதை, இனி எந்த வேலையில் எவ்வளவு உயர்ந்தாலும் என்னால் மறக்க முடியாது.