மஞ்சள் கோடு

அந்த ஞாயிற்றுக்கிழமை, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் கம்பி வேலியோரம் எங்கள் வண்டியோடு இருந்தவர்கள் ஐந்து பேர். வண்டிக்குச் சொந்தக்காரரான ஓனர். அவர் புதிதாகக் கூட்டிவந்திருந்த டிரைவர். எங்கள் வாடகை வீட்டில் பக்கத்து அறையில் தங்கியிருந்த மதுரைக்காரத் தம்பி. என் அக்கா வீட்டுக்காரரான மாமா. பிறகு நான். மாமாவின் சட்டைப் பையில் மஞ்சள் பெயிண்ட் பேனா ஒன்று செருகியிருந்தது. அதன் மூடி சரியாகப் போட்டிருக்கிறதா, பெயிண்ட் கசிந்து சட்டை வீணாகிவிடுமோ என்று நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படித்தான். பெரிய கவலை ஒன்று உள்ளே இருக்கும்போது சின்னதாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவேன்.

மாமா ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் ஆறு வருஷம் ஒப்பந்தத் தொழிலாளியாக லைனில் நின்றவர். தலைக்கு மேலே கொக்கியில் தொங்கியபடி வண்டிகள் வரும். பின்பக்க ஆக்சிலை வண்டியோடு பிடித்துவைத்திருக்கும் இரும்பு ஆர்ம்களின் போல்ட்டை இறுக்குவார். இறுக்கியதும் போல்ட்டையும் ஆர்மையும் சேர்த்து மஞ்சளில் ஒரு கோடு இழுப்பார்; போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். கோடு இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும். ஒப்பந்தம் முடிந்தது என்று வெளியே அனுப்பிய பிறகும், ஸ்ரீபெரும்புதூர் கடைகளில் தேடி அதே மாதிரிப் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டார். வீட்டில் கேஸ் ரெகுலேட்டரை மாட்டினால்கூட ஒரு கோடு போடுவார். அக்கா சிரிப்பாள். எனக்கு அது பெரிய நிம்மதி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வெல்டிங் பட்டறைக்குப் போனவன் நான். பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற ஆள். மாமா கோடு போட்டதை மட்டும் மறுபடி தொட்டுப் பார்க்க மாட்டேன்.

ஓனர் வடக்குப்பட்டுப் பக்கத்து ஆள். நிலம் கம்பெனிகளுக்குப் போன பணத்தில் தண்ணீர் லாரிகள் ஓட்டினார். ஆசைக்கு ஒரு பழைய காரை வாங்கிப் பெரிய என்ஜின் ஏற்றியிருந்தார். பின்சக்கரத்தில் இழுக்கிற வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் தடத்தில் நேர்கோட்டுப் பந்தயம் விடுவார்கள். மாமாதான் ஓட்டுவார். லைனில் நின்ற காலத்தில் அவர் முகத்தை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. இந்த வண்டியில் உட்கார்ந்தால் வேலியோரம் நிற்கிறவர்கள் விசிலடிப்பார்கள். வேலை போன பிறகு அவருக்கென்று மிச்சமிருந்தது அந்த ஸீட் ஒன்றுதான்.

ஆக்சில் ஆர்ம்களின் முனையில், போல்ட்டைச் சுற்றி அதிர்வைத் தாங்குகிற ரப்பர் புஷ் இருக்கும். பழசு தேய்ந்துவிட்டதென்று மாமாவே புதுசு வாங்கி மாட்டினார். வண்டியை ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரங்கள் தொங்க, போல்ட்டை இறுக்கி மஞ்சள் கோடு போட்டார். சில வாரங்கள் நன்றாகப் போனது. பிறகுதான் அந்தக் குதிப்பு ஆரம்பித்தது. கிளட்சை விட்டதும் டயர் தரையைக் கவ்வும். கவ்விய வேகத்தில் ஆக்சில் முறுக்கிக்கொள்ளும். முறுக்கு ஏறி டயர் வழுக்கும், ஆக்சில் பழைய இடத்துக்குத் திரும்பும், மறுபடி கவ்வும். கண்மூடித் திறப்பதற்குள் இது மாறி மாறி நடக்க, வண்டியின் பின்பக்கம் தடதடவென்று தரையில் குதிக்கும். பக்கத்து வண்டி அதற்குள் போய்விட்டிருக்கும்.

டயர் மாற்றினோம். காற்றைக் குறைத்துப் பார்த்தோம், ஏற்றிப் பார்த்தோம். புது ஷாக் அப்சார்பர் போட்டோம். கொஞ்சம் அடங்கும், அடுத்த வாரம் திரும்ப வரும். போல்ட் லூசோ என்று நான் அடியில் படுத்துப் பார்த்தேன். மஞ்சள் கோடு இம்மிகூட விலகாமல் அப்படியே இருந்தது. அதனால் அந்தப் பக்கம் யாரும் கையே வைக்கவில்லை.

கடைசியில் ஓனர் சொல்லியேவிட்டார். "இன்னாண்ணா, வண்டிக்கு எவ்ளோ கொட்டிக்கினு கீறேன், நீயே பார்க்கிற. கிளட்ச வுட்றப்ப உன் காலு ஒதறுது. அதான் குதிக்குது. ஒடம்பு முன்ன மாரி இல்லண்ணா."

அதன் பிறகு மாமா தினமும் சாப்பிட்டு முடித்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, சுருட்டிய தலையணையை இடது காலால் மிதித்து மெல்ல மெல்ல விடுவார். மிதிப்பார், விடுவார். அக்கா உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டே பார்ப்பாள். "காலு நடுங்குதாடா, நல்லா பார்த்துச் சொல்லு" என்று என்னிடம் ஒரு தரம் கேட்டார். நடுங்கவில்லை.

அப்போதுதான் வீடியோ எடுக்கிற செல்போன் என் கைக்கு வந்திருந்தது. விழுந்து நொறுங்கிவிடும் என்ற பயத்தோடுதான் அதைத் துணியில் சுற்றி, வண்டிக்கு அடியில் ஆக்சிலைப் பார்த்தபடி கம்பியால் கட்டினேன். மாமா வண்டியை எடுத்தார், அது குதித்தது. சாயங்காலம் வீட்டில் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். போல்ட் அசையவில்லை, கோடும் அசையவில்லை. ஆர்ம் மட்டும் ரப்பருக்குள் திமிறித் திமிறி வந்தது. மதுரைத் தம்பி தட்டோடு வந்து எட்டிப் பார்த்தான். மாமா வேலை பார்த்த அதே கம்பெனியில், லைனின் கடைசிப் பக்கம் நிற்கிறவன்.

"அண்ணே, வண்டி தொங்கும்போதே ஃபுல் டைட் வச்சீகளா?"

"ஆமாபா. லைன்ல அப்டித்தான வெப்போம்."

"ஐய, அது சும்மா கழலாம இருக்கத்தாண்ணே. வண்டி எங்ககிட்ட தரையில எறங்கி வரும்ல. நாலு வீலும் தரையில நிக்கிறப்பத்தான் நாங்க ஃபுல் டைட் வப்போம். தொங்குறப்ப வச்சா, எறக்குனதும் ரப்பரு முறுக்கிக்கிட்டே கெடக்கும்ல. கிழிஞ்சு போயிரும். ஒங்க மஞ்சளுக்கு மேல வெள்ளைக் கோடு போடுறோமே, பாத்ததே இல்லையா?"

மாமா செல்போனைக் கீழே வைத்தார். "வெள்ளை போடுவாங்கன்னு தெரியும்பா. எதுக்குன்னு கேட்டதில்ல. எங்க, நிக்கிற எடத்த வுட்டு நவுற வுட்டாத்தானே?" என்றார். பிறகு மெதுவாக, "அப்போ ஆறு வருஷமா நான் வெச்சதெல்லாம் பாதி டைட்டுதானா?" என்றார். தம்பி தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே நின்றான்.

மறுநாள் ஓனரின் லாரி ஷெட்டில், அடியில் இறங்கி வேலை பார்க்கிற குழிக்கு மேலே வண்டியை நான்கு சக்கரத்திலும் நிறுத்தினோம். தம்பி குழிக்குள் இறங்கி முதல் போல்ட்டைத் தளர்த்தியதும் ஆர்ம் டப்பென்று தானாகத் திரும்பியது. மாமா முகத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. உள்ளே ரப்பர் ஓரம் ஓரமாகக் கிழிந்திருந்தது. புதுசாக, கொஞ்சம் கெட்டியான புஷ் போட்டோம். இறுக்கும்போது ஓட்டுகிற ஆளின் எடையும் வண்டியில் இருக்கட்டும் என்று தம்பி சொன்னதால் மாமா ஏறி ஸீட்டில் உட்கார்ந்தார். "எடைக்காவது நான் வேணும்ல" என்றார். தம்பி சிரித்தான். நான் சிரிக்கவில்லை. இறுக்கி முடித்து அவன் கை நீட்டியபோது மாமா தன் பேனாவைக் கொடுத்தார்.

ஓனரிடம் போய் வண்டி சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் கால் மேல் விழுந்த பழி போகாது. கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்ட, கை செய்த தப்பை மாமா சொல்லியாக வேண்டும். சொன்னார், ஒன்றுவிடாமல். ஓனர் பீடியை அணைத்துவிட்டு, "காலோ கையோ, ரெண்டும் உன்துதானேண்ணா" என்றார். குரலில் கோபமில்லை. வேறு டிரைவருக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டாராம்.

இப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து பேரும் வேலியோரம் வந்து சேர்ந்தோம்.

அதற்குப் பிறகு மாமா கம்பெனி பஸ் ஓட்டப் போனார். சுங்குவார்சத்திரத்திலிருந்து ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேலை. வேகம் தாண்டினால் கத்துகிற கருவி பொருத்திய பஸ். பந்தயப் பேச்சை வீட்டில் எடுத்ததே இல்லை. ஒருநாள் காலை பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பேனாவை அக்கா என்னிடம் கொடுத்துவிட்டாள். என் பட்டறை ஜன்னலில் இருக்கிறது. காய்ந்துபோய்விட்டது. ஆனாலும் மூடியை அழுத்திப் பார்க்காமல் பட்டறையைப் பூட்ட முடிவதில்லை. வருகிற வண்டி எதுவானாலும் சக்கரம் தரையில் நிற்காமல் நான் கடைசி இறுக்கு இறுக்குவதில்லை. கோடு போடுவதும் இல்லை. கோடு இல்லாததால் போல்ட் எல்லாவற்றையும் மூன்று தரம் தொட்டுப் பார்க்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புது டிரைவர் ஏறி உட்கார்ந்து என்ஜினை உறுமவிட்டார். விளக்கு மாறியது. பின்பக்கம் ஒரே ஒரு தட்டுத் தட்டியது. பிறகு வண்டி அப்படியே தரையோடு அமர்ந்து, நூல் பிடித்த மாதிரிப் போனது. ஓனர் கைதட்டினார். தம்பி வேலிக்கம்பியில் ஏறி நின்று விசிலடித்தான். எல்லோரும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டையில் பெயிண்ட் கசிகிறதா என்று பார்க்க, விளக்கு மாறிய நொடியிலேயே திரும்பிய நான் மாமாவின் காலைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு இடது வெறுங்காலைப் புழுதியில் அழுத்தி வைத்திருந்தார். வண்டி கிளம்பிய அதே நேரத்தில் அந்தக் கால் மெல்ல, ஒரே சீராக, மேலே எழுந்தது. துளி நடுக்கம் இல்லை.