தெளிவாகத் தெரிந்த வரி

எனக்குப் பிழை என்றால் ஆகாது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் புரூப் பார்த்தவன். கல்யாணப் பத்திரிகையில் யாரோ ஒருவருடைய தாத்தா பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் மெஷினை நிறுத்தச் சொல்லிக் கத்துவேன். இதனாலேயே அங்கே எனக்கு நண்பர்கள் குறைவு.

ஓய்வு பெற்றதும் சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்த வேலையில் போய் மாட்டிக்கொண்டேன். விருதுநகரில் எங்கள் உறவின்முறைச் சங்கத்தில் பழைய கல்யாண ரிஜிஸ்டர்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. மலேசியாவிலும் அமெரிக்காவிலும் பிறந்த பிள்ளைகள், எங்கள் பூட்டன் யார், எந்த வீட்டில் பெண் எடுத்தார் என்று கேட்டு எழுதுகிறார்கள். அதற்காக எல்லாப் பக்கங்களையும் படம் பிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டு, பார்த்து டைப் அடிக்க ஆள் கேட்டார்கள். சம்பளம் கிடையாது. பதினோரு பேர் சேர்ந்தோம். சரிபார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மையில் கேட்டு வாங்கினேன். பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்த என் மகளையும் நான்தான் சேர்த்துவிட்டேன். அவள் அம்மா போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

வேலை முறை எளிது. ஒவ்வொரு பக்கமும் இரண்டு பேருக்குப் போகும். யாருக்குப் போயிருக்கிறது என்று ஒருவருக்கொருவர் தெரியாது. இரண்டு பேர் அடித்ததும் ஒன்றாக இருந்தால் பக்கம் முடிந்துவிடும். யார் யார் அடித்தார்கள் என்பதையும் அப்போதுதான் காட்டும். வித்தியாசம் இருந்தால் எனக்கு வரும். ஏதாவது ஒரு கட்டத்தில் எழுத்து புரியாவிட்டால், அந்தக் கட்டத்துக்கு மட்டும் ‘வாசிக்க இயலவில்லை’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன் போட்டு, “இதுவே தெரியலைன்னா மொதல்ல கண்ணாடியை மாத்துங்க” என்று சொல்லியிருக்கிறேன். ரிட்டயர்டு பேங்க் மானேஜர் ஒருவர் அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

தை மாதம் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஆமத்தூர்க்காரர்கள். வகையறா வேறு, குலசாமி வேறு, எல்லாம் விசாரித்துத்தான் நிச்சயம் செய்தோம். பத்திரிகையை மூன்று தரம் நானே திருத்தினேன். ஆகவே மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களின் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம்.

அப்படி இருக்கும்போது ஒரு காலையில், காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்து, எனக்கு அடிக்க வந்திருந்த ஒரு பக்கத்தைத் திறந்தேன். பழைய காலத்து லையும் ணையும் தும்பிக்கை வைத்த எழுத்து. முத்து முத்தான கையெழுத்து. மூன்றாவது வரியில் அந்தப் பழைய கல்யாணத்து மாப்பிள்ளையின் பெயரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அவர் என் சம்பந்தியின் தாத்தா. பத்திரிகையில் இருக்கிற அதே பெயர், அதே ஆமத்தூர், அதே கடை. மகளைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று நினைத்தபோதே கண் கடைசிக் கட்டத்துக்குப் போனது. குறிப்பு என்ற கட்டம். மேற்படி மாப்பிள்ளை விருதுபட்டி இன்னாரின் இளைய குமாரர், ஆமத்தூருக்குச் சுவீகாரம் கொடுக்கப்பட்டவர் என்று இருந்தது. அந்த இன்னார் என் தாத்தாவின் அப்பா. விருதுபட்டி என்பது விருதுநகரின் பழைய பெயர்; வீட்டுப் பெயர், தெரு உட்பட எங்கள் வீடுதான்.

ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். என் தாத்தாவும் சம்பந்தியின் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். அப்படியென்றால் சம்பந்தி எனக்குத் தம்பி. என் மகளுக்கு அந்தப் பையன் அண்ணன். அடப் பாவமே! பங்காளி வீட்டிலேயா பெண்ணைக் கொடுக்கப் போகிறேன்? பத்திரிகை பாதி ஊருக்குப் போயாகிவிட்டது. மகள் நிச்சயம் ஆன நாளிலிருந்து வீட்டில் பாடிக்கொண்டே திரிகிறாள். அவள் அம்மா போய் நாலு வருஷம் கழித்து அந்த வீட்டில் கேட்ட பாட்டு.

மற்றதையெல்லாம் அடித்துவிட்டு, அந்தக் குறிப்புக்கு மட்டும் நான் ‘வாசிக்க இயலவில்லை’ பொத்தானை அமுக்கினேன்.

அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறாத அதிர்ச்சி. ஒரு புள்ளிக்கு மெஷினை நிறுத்தியவன், தெள்ளத் தெளிவாகத் தெரிகிற ஒரு முழு வரியை இல்லை என்று சொல்ல ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அடுத்த ஆள் யாரோ, அவர் சரியாக அடித்திருப்பார், பக்கம் எனக்கே திரும்பி வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். திரும்பி வரவில்லை. இரண்டு படிகளும் ஒத்துப்போகின்றன, பக்கம் முடிந்தது என்று திரை சொன்னது. கீழே இன்னொருவர் பெயர். என் மகளின் பெயர். தேதியைப் பார்த்தேன். நிச்சயத்துக்கு இரண்டு வாரம் முன்பே அவள் அந்தப் பொத்தானை அமுக்கியிருந்தாள்.

தெரிந்தே பூ வைத்துக்கொண்டாளா? தெரிந்தே என்னைக் குலசாமிக்குத் தேங்காய் உடைக்கச் சொன்னாளா? கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்ற எண்ணமும் கூடவே வந்தது. அவள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

பார்த்தாள். மறுக்கவில்லை. தூக்கைக் கீழே வைத்தாள். மாப்பிள்ளைக்கும் தெரியும் என்றாள். இருவரும் பேசித்தான் முடிவு எடுத்தார்களாம். சுவீகாரம் போனவர் போன வீட்டுப் பிள்ளைதான் என்று வக்கீல் ஒருவரிடமும் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியவந்தால் குதிப்பேன், அதற்கு என்ன பதில் சொல்வது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தாளாம். அப்புறம்தான் என் பெயருக்கு எதிரேயும் ‘வாசிக்க இயலவில்லை’ என்று இருந்ததைப் படித்தாள்.

“நீங்க சண்டை போடுவீகன்னு நெனச்சேன்ப்பா,” என்றாள். “போட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன். நான் ஊருகிட்டருந்து மறைச்சேன். நீங்க எங்கிட்டருந்தே மறைக்கப் பாத்தீக. காலம் பூரா எங்க ரெண்டு பேரையும் பாத்துச் சிரிச்சுக்கிட்டு, உள்ளுக்குள்ள அண்ணன் தங்கச்சின்னு நெனச்சுக்கிட்டே இருப்பீகளா? அந்தக் கல்யாணம் எனக்கு வேணாம்.”

அவள் அழவே இல்லை. நான்தான் அழுதேன். அப்படி நினைக்க மாட்டேன் என்றேன்.

“அப்ப அந்த வரியை அடிங்க. நாலு பேரு பாக்கட்டும். அதுக்கப்பறமும் நீங்க முன்னால நின்னா நான் மணையில உக்காருறேன்.”

சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சரிபார்க்கிறவனுக்கு முடிந்த பக்கத்தைத் திறக்கும் அதிகாரம் உண்டு. திறந்தேன். தாத்தாவின் அப்பா பெயரை அடித்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு ஆமத்தூருக்குப் போய்ச் சம்பந்தியிடமும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, நான் உங்களைச் சம்பந்தி என்றுதான் கூப்பிடுவேன் என்றார். அவர் பெரிய மனுஷன்.

என் சொந்த அண்ணன் அப்படி இல்லை. வாரம் முடிவதற்குள் போன் வந்தது. “ஏலே, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? தெரியாம நடந்தா சாமி மன்னிக்கும். நீ தெரிஞ்சு எழுதியும் வச்சுட்டு நடத்துறியே.” அதோடு பேச்சு நின்றது. என் மனைவி இல்லாததால் தாரை வார்க்க அண்ணனும் மதினியும்தான் நிற்பதாக இருந்தது. வரவில்லை. மச்சினனையும் அவர் சம்சாரத்தையும் நிறுத்தினோம். மண்டபத்தில் எங்கள் பக்கத்து நாற்காலிகள் பாதி காலி. பத்திரிகை வாங்கிய கை எம்புட்டு, வந்த கால் எம்புட்டு என்று யாரோ பின்னால் பேசியது காதில் விழுந்தது.

கெட்டிமேளம் கேட்டதும் முன்வரிசையில் எழுந்து நின்றேன். பையன் தாலியைக் கையில் எடுத்துக் குனிந்தான். அந்த நேரத்தில் என் மனசில் அண்ணன் தங்கை என்ற நினைப்பு வரவே இல்லை என்று எழுத எனக்கு ஆசைதான். வந்தது. சட்டென்று மகளைப் பார்த்தேன். அவள் தாலியையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.