மாப்பிள்ளை மீசையும் மாமன் பேனரும்

நான் எவ்வளவு எடை இருப்பேன் என்று கேட்கும் தைரியம் ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் ஒருத்திக்குத்தான் உண்டு. அவள் கலைவாணி. என் தையல் கடைக்குப் பக்கத்தில் பிளெக்ஸ் மெஷின் போட்டுப் பேனர் அடிக்கிறவள். போன ஐப்பசியில் ஒரு நாள் நான் ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்று, "ரேணுக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க எவ்ளோ வெயிட்டு இர்ப்பீங்க?" என்றாள். கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

"இன்னாடி, திமிரா?"

"இல்லக்கா. ஒரு பிளெக்ஸ் மேல கொஞ்ச நேரம் குந்தணும். நான் குந்திப் பாத்தேன், வெயிட்டு பத்தல."

இதற்கெல்லாம் மூலம் அவளுடைய நாத்தனார் கல்யாணம். அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால், பைத்தியக்காரப் பெண்கள் என்று நினைத்துவிடுவீர்கள்.

கலைவாணி மலையிலேயே பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்பு மலைக்குக் கீழே ஒடுகத்தூரில் ஒரு பேனர் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். ராஜ்குமாரைக் கட்டிக்கொண்டு மேலே வந்ததும், "ஒரு பேனர் வேணும்னா மலை எறங்கித்தான் ஆவணுமா?" என்று அவனை நச்சரித்து ஒரு மெஷினை வாங்க வைத்தாள். லாரி மலைப்பாதையில் ஏறியபோது ராஜ்குமார் அந்த மெஷினைக் கட்டிப்பிடித்தபடியே வந்து சேர்ந்தான். பெண்டாட்டியைக்கூட அவன் அப்படிப் பிடித்ததில்லை என்று நான் இன்றைக்கும் கிண்டல் செய்வேன்.

ராஜ்குமாருக்கு ஒரே தங்கை, சரிதா. அவளும் கலைவாணியும் நாத்தனார் அண்ணி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரே தட்டில் சாப்பிடுவார்கள், ஒரே செருப்பை மாற்றி மாற்றிப் போடுவார்கள். சரிதாவுக்குக் காவலூர் புருஷோத்தமனைப் பேசி முடித்ததும், "என் நாத்தனார் பேனர் மாதிரி இந்த மலையில எவளுக்கும் இருந்திருக்கக் கூடாது" என்று கலைவாணி சொல்லிக்கொண்டு திரிந்தாள். அப்படியேதான் ஆயிற்று, வேறு விதமாக.

இந்த மெஷினில் ஒவ்வொரு மையும் எவ்வளவு விழலாம் என்று கம்ப்யூட்டரில் ஓர் அளவு வைக்க வேண்டுமாம். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு மையும் ஒரே இடத்தில் சேர்ந்து விழுந்தால் எவ்வளவு போகலாம் என்று இன்னோர் அளவு. பிளெக்ஸ் தாங்குகிற வரைக்கும்தான் ஊற்றலாம். மிஞ்சினால் இலையில் வழிகிற ரசம் மாதிரி மேலேயே நிற்கும், காயாது. மெஷினைப் பொருத்த வந்தவர் சித்திரை வெயிலில் ஓர் அளவை வைத்துவிட்டுக் கீழே போய்விட்டார். சரிதாவுக்குக் கல்யாணம் வந்ததோ கார்த்திகையில். பகலிலேயே எதிர்க்கடை தெரியாத பனி, மை எங்கே காயும்?

அந்த அளவையாவது அப்படியே விட்டிருக்கலாம். "நாத்தனார் கல்யாணத்துக்கு இங்க்குல கஞ்சத்தனம் பண்ணுவாங்களா?" என்று சொல்லி எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றினாள் கலைவாணி. பேனர் எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி பளபளவென்று வந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனோம். தொட்டுப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நடுவில் மடித்து, பஸ்ஸில் அரிசி மூட்டைக்கு அடியில் வைத்துக் காவலூருக்குக் கொண்டுபோனோம்.

மண்டப வாசலில் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் பிரித்தார்கள். சர்ரென்று ஒரு சத்தம். படத்தில் இருந்த புருஷோத்தமனின் பெரிய மீசை கழன்றுபோய், மடிப்புக்கு அந்தப் பக்கம் இருந்த சரிதாவின் உதட்டுமேல் உட்கார்ந்திருந்தது. சரிதாவின் பொட்டு மாப்பிள்ளை நெற்றிக்குப் போய்விட்டது. ஊரே சிரித்தது. பொய் சொல்வானேன், நானும் சிரித்தேன். எவனோ ஒருவன் போனில் படம் பிடித்து அனுப்ப, மறுநாளே மலை முழுக்கச் சரிதாவுக்கு மீசைக்காரி என்று பெயர் விழுந்துவிட்டது. அவள் மாமியார் கன்னியம்மாளுக்குக் கோபம் வந்தால் இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அன்றிலிருந்து சரிதா அண்ணியிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தபோதும் அண்ணி வைத்த சோற்றைச் சாப்பிட்டாள், அண்ணி முகத்தைப் பார்க்கவில்லை. கலைவாணி என் கடைக்குள் வந்து உட்கார்ந்து அழுவாள். "ரெண்டு அடி அடிச்சிருந்தாகூட பரவால்லக்கா, ஒரு வார்த்த பேச மாட்டேங்குறா" என்பாள். எனக்குச் சரிதாமேல் பற்றிக்கொண்டு வரும். ஆனால் மீசையோடு கல்யாணம் பண்ணிக்கொண்டவள் அவள்தானே.

போன ஐப்பசியில் அந்தக் குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். வாசலில் மாமன் வீட்டுப் பேனர் இல்லையென்றால் ஊர் பேசும். அண்ணனுக்குப் போன் போட்ட சரிதா, "பேனர ஒடுகத்தூர்ல அடிச்சி எட்துனு வாங்க" என்று சொல்லிவிட்டாள். ராஜ்குமார் தலையாட்டிவிட்டான்.

"நம்ம மெஷின வச்சிக்கினு, என் மருமவனுக்கு எவன் கடையிலயோ போயி பேனர் அடிக்கணுமா?" என்று கலைவாணி எகிறினாள்.

"இந்த வாட்டியும் ஒட்டிக்கினா?" என்றான் ராஜ்குமார்.

"ஒட்டிக்கினா மெஷின நீங்களே கீழ எறக்கிடுங்க. நான் கேக்க மாட்டேன்."

சொன்னதைச் செய்கிறவள் அவள்.

சித்திரையில் வைத்த அளவை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு மையையும் வெளிறியதிலிருந்து கெட்டி வரைக்கும் கட்டம் கட்டமாக அடித்தாள். எந்தக் கட்டத்தில் ஓரம் கசிகிறதோ அதற்கு முந்தினதில் நிறுத்தினாள். அப்புறம் நாலு மையையும் கலந்து அதே வேலை. கண்ணுக்கு எல்லாம் காய்ந்துதான் தெரிந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரிந்தால் போதுமா? கீழே பேனரைச் சுருட்டிக்கொண்டு காரில் போவார்கள். இங்கே மடித்து, மூட்டைக்கு அடியில் திணித்து, பஸ்ஸில் குலுங்கக் குலுங்கத்தான் போகும். அதனால் சோதனையும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பளு வேண்டும், சூடும் வேண்டும். அதற்குத்தான் நான்.

உட்கார்ந்தேன். மடித்த பிளெக்ஸைப் பெஞ்சில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தபடியே ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி தைத்தேன். டீக்கடைத் தங்கவேல் எட்டிப் பார்த்து, "இன்னா ரேணுக்கா, அடை காக்கிறீங்களா?" என்றான். "ஆமாம், பொரிச்சா மொத குஞ்சு உனுக்குத்தான்" என்றேன். எழுந்து பிரித்துப் பார்த்தால் நீலமும் மஞ்சளும் தப்பித்திருந்தன. நாலும் கலந்த கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. கலைவாணி அளவைக் குறைத்தாள், நான் மறுபடி உட்கார்ந்தேன். கறுப்புக்கு எதற்கு நாலு மை, கறுப்பு மையே பெரும்பாலும் போதுமே என்று மாற்றினாள். மறுபடி உட்கார்ந்தேன். அந்த வாரம் முழுக்க என் இடுப்பு என்னிடம் இல்லை.

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எண்ணாக இறங்குவதைப் பார்த்து ராஜ்குமாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "மாமன் சீர்ல கொறைக்கிறியா? எந்தங்கச்சி கேட்டா இன்னா சொல்றது?"

"போன வாட்டி நாம கொறைக்கவே இல்லியே. இன்னா ஆச்சின்னு பாத்தோம் இல்ல?" என்றாள் கலைவாணி.

கடைசியாக ஒரு பிளெக்ஸ் துண்டை மடித்து என்னை உட்கார வைத்தாள். எழுந்து பிரித்தபோது சத்தமே இல்லை. இரண்டு பக்கமும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தன. அந்த அளவிலேயே பேனரை அடித்து, மடித்து, சீர்வரிசைப் பைகளுக்கு அடியில் வைத்துக் காவலூர் பஸ் ஏறினோம். வழியெல்லாம் தூறல். கலைவாணி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கோயில் வாசலில் பேனரை வெளியே எடுத்ததும் பத்துப் பதினைந்து போன்கள் மேலே எழுந்தன. "இந்த வாட்டி யாருக்கு மீசன்னு பாக்கலாம்" என்றாள் கன்னியம்மாள். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே நாலு கேட்டிருப்பேன், நல்ல காரியமாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கலைவாணி பக்கத்தில் வராமல் தூரத்தில் புளியமரத்தடியிலேயே நின்றுவிட்டாள். ராஜ்குமார் ஒரு முனையையும் புருஷோத்தமன் மறுமுனையையும் பிடித்து இழுத்தார்கள்.

துணி பிரிகிற மாதிரி பிரிந்தது. புருஷோத்தமன் மீசை புருஷோத்தமனிடமே இருந்தது. நடுவில் குழந்தை, பொக்கைவாய்ச் சிரிப்போடு, ஒரு கறை இல்லாமல். போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

சரிதா குழந்தையை இடுப்பில் வைத்தபடி பேனருக்குப் பக்கத்தில் வந்தாள். படத்தில் இருந்த புருஷன் மீசைமேல் கட்டைவிரலை அழுத்தித் தேய்த்தாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். குழந்தையோடு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதானா என்று நினைத்தேன். மரத்தடியில் கலைவாணி தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்தாயிற்று. ஆசாரி ஊசியை எடுத்ததும் ராஜ்குமார் குழந்தையின் தலையை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். சரிதா எழுந்து நின்று கூட்டத்துக்கு மேலாகப் பார்த்தாள்.

"அண்ணி, எவ்ளோ நேரம் அங்கியே நிப்பீங்க? வந்து கொழந்த தலைய புடிங்க. உங்க வூட்டுக்காரர நம்ப முடியாது."

கலைவாணி ஓடினாள். செருப்பைக் கழற்ற மறந்துவிட்டாள், அதற்கும் கன்னியம்மாள் ஏதோ சொன்னாள், யாரும் காதில் வாங்கவில்லை. குழந்தையின் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்குவதைப் பார்க்க முடியாமல் சரிதா கண்ணை மூடிக்கொண்டு அண்ணியின் தோளைப் பற்றினாள். காதில் கம்மல் ஏறி, குழந்தை அழுது ஓய்ந்து, பந்திக்குக் கூப்பிட்ட பிறகும் அவள் அந்தக் கையை எடுக்கவில்லை.