உடையாமல் காத்த கண்ணாடி

என் மேசை லாச்சியின் அடியில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் இருக்கிறது. உள்ளே உடைந்த கண்ணாடித் துண்டுகள். ஒரு சாண் நீளமும் இரண்டு விரல் அகலமுமாக இருந்த மூன்று கண்ணாடிகளின் துண்டுகள் அவை. பொருத்தி வைத்துப் பார்த்தால் ஒரு சில்லுகூடக் குறையாது. அலுவலகம் கூட்ட வரும் அம்மா ஒருநாள் குப்பையென்று நினைத்து அதை எடுக்கப் போய் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? அவர் போன பிறகு லாச்சியைச் சாத்திவிட்டு ஓவசியர் மஹத்தயாவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் குண்டசாலையில் இருந்து பஸ்ஸில் வருவார். ஒல்லியான சிங்கள மனிதர். பாதை வேலையை மேற்பார்வை பார்ப்பவர்; ‘மஹத்தயா’ என்றால் சிங்களத்தில் ஐயா. ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடிப்பார். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எழும்ப மாட்டார். மற்ற நேரமெல்லாம் காட்டில்தான் இருப்பார். நான் கண்டி அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். சிங்களக் கடிதங்களைத் தமிழாக்குவதும், பாதை போகிற இடத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு அதிகாரிகள் சொல்வதை எடுத்துச் சொல்வதும் என் வேலை. பெரிய ஐயாவில் இருந்து சாரதி வரைக்கும் எல்லோருக்கும் நான் ‘மிஸ்’தான்.

பாதை என்றால் கண்டிக்கு வரப்போகிற அதிவேகப் பாதை. வரப்போகிறது, வரப்போகிறது என்று நான் தமிழில் எழுதி எழுதியே என் தலை பாதி நரைத்துவிட்டது. வேறு பக்கத்தில் ஒரு துண்டைத் திறந்து, கூடு வைத்து வாகனங்களிடம் காசு வாங்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் பக்கம் வயலுக்கு நடுவே தூண்கள் நின்றன. தூணின் தலையில் கம்பிகள் துருப்பிடித்து நின்றன. நாட்டில் காசில்லாமல் போன காலத்தில் வேலை அப்படியே நின்றது. நிற்கும்போது அழகாகவா நிறுத்தினார்கள்? மலையைச் செங்குத்தாக வெட்டிப் போட்டுவிட்டு, தண்ணீர் ஓடக் கானைக் கட்டாமல், மேலே கறுப்புப் பொலித்தீனை விரித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு மழைக்கு அது கிழிந்தது. அதன் கீழேதான் பழைய தோட்டத் தொழிலாளர் லயத்தை ஒட்டி ஏழு வீடுகள் இருந்தன.

அந்த வீடுகளின் சுவரில் வெடிப்பு ஓடியிருக்கிறது என்று முறைப்பாடு வந்ததும் ஓவசியர் மஹத்தயா என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். சாக்குப் பையில் அவரே வெட்டி எடுத்து வந்த கண்ணாடித் துண்டுகள் இருந்தன. வெடிப்புக்குக் குறுக்கே ஒரு துண்டை வைத்து, இரண்டு முனையையும் சீமெந்தால் ஒட்டி, ஈரம் காய்வதற்குள் ஆணியால் தேதியைக் கீறுவார். கண்ணாடிக்கு வளையத் தெரியாது. சுவர் மயிரிழை அசைந்தாலும் டக்கென்று உடைந்துவிடும். உடைந்தால் மலை நகர்கிறது என்று அர்த்தம். கருவி வாங்கக் காசில்லாத அலுவலகத்துக்கு அதுதான் கருவி.

ஏழாவது வீட்டுக்கு வரும்போது மழை பிடித்துவிட்டது. அட்டை ஏறி என் காலில் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. சாரதி கீழே நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டு அக்கா தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அவருடைய புருஷன் கண்டியில் ஒரு கடைக்கு இராக்காவல். பகலில் பின்னறையில் தூங்குவார். அவரை எழுப்பட்டுமா என்று அக்கா கேட்டதற்கு நான்தான் வேண்டாம் என்றேன். இரண்டு பிள்ளைகள் அதே சுவரில் டென்னிஸ் பந்தை அடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

மஹத்தயா சிங்களத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “இது உடைவதற்காக வைக்கிற கண்ணாடி. உடைந்தால் அன்றைக்கே எங்களுக்குச் சொல்ல வேண்டும். அன்றைக்கே வீட்டைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அதை நன்றாகச் சொல்லுங்கள் மிஸ்.” முதல் ஆறு வீட்டிலும் நான் அதை நன்றாகத்தான் சொன்னேன். ஏழாவது வீட்டில் நான் சொன்னது இதுதான்: “அக்கா, இது அரசாங்கச் சாமான். யாரும் தொடப்படாது. பிள்ளைங்க பந்தடிச்சு ஒடைச்சா ஒங்க தலையிலதான் விடியும். பத்திரமாப் பாத்துக்கங்க.”

நான் ஹந்தானையில் லயத்தில் பிறந்தவள். இன்றைக்கு அம்பிட்டியவில் வாடகை வீட்டில் இருந்தாலும், லயத்து ஆட்களுக்கு எதைச் சொன்னால் உறைக்கும் என்று எனக்குத் தெரியும். விளக்கம் சொல்ல நேரம் எடுக்கும், அதட்டினால் உடனே நடக்கும். அன்றைக்கு என் வாயில் வந்தது சின்ன வயதில் எங்கள் அம்மாவை அதட்டிய தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் குரல். அக்காவும் எங்கள் அம்மாவைப் போலவே தலையை ஆட்டினார். ‘தமிழில் விளக்கப்பட்டது’ என்ற படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மஹத்தயா அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை அவர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அக்காவுக்குச் சந்தைச் சிங்களம் தெரியும். ‘ஹொந்தாய்’, நல்லது என்று இவர் சொல்வார், அவர் சிரிப்பார், அதோடு சரி. ஒருநாள் பிளேன்டீ குடிக்கும்போது, “அந்தக் கடைசி வீட்டு மனுஷி கண்ணாடியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறாள் மிஸ். ஏழு வீட்டில் அந்த வீட்டுச் சுவர்தான் அசையவே இல்லை” என்று சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த வருடத்து மழை விடாமல் பெய்தது. முதல் ஆறு வீட்டில் இரண்டு வீட்டுக் கண்ணாடி உடைந்து, அன்றைக்கே தகவல் வந்து, அந்தக் குடும்பங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றப்பட்டன. கடைசி வீட்டுக் கண்ணாடி முழுசாக இருந்தபடியால் அவர்களை அங்கிருந்து யாரும் எழுப்பவில்லை. ஒருநாள் காலை பத்து மணிபோல, பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் அக்கா கிளினிக்கிலும் இருக்கும்போது, வெட்டிய மலை அப்படியே இறங்கியது. அந்தக் கடைசி வீட்டில் முன்பக்கக் குசினி மட்டும் நின்றது. பின்னறையில் தூங்கிய மனிதரை மறுநாள்தான் எடுத்தார்கள்.

வீடிழந்த குடும்பங்களின் பெயர் எழுத நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அக்கா அழுது முடித்த முகத்தோடு வந்து, என்னை ஒரு ஓரமாகக் கூப்பிட்டு, இந்தப் பொட்டலத்தைக் கையில் தந்தார். குசினியில் அடுப்புக்கு மேலே வைத்திருந்தாராம். “மிஸ், கோவிச்சுக்காதீங்க. பிள்ளைங்க ஒடைக்கல. அதுவாத்தான் ஒடைஞ்சிச்சு. மூணு தடவ. மொதல் தடவ சாமிப் படத்துக் கண்ணாடிய வெட்டி ஒட்டுனோம். அப்புறம் எங்க கலியாணப் படத்துது. கடைசியா அவருதான் டவுன்ல வாங்கிட்டு வந்து ஒட்டுனாரு. மஹத்தயா கீறுன தேதியையும் பாத்து அப்படியே கீறிட்டாரு. எல்லாத் துண்டும் இருக்கு மிஸ், ஒண்ணும் தொலையல. இதுக்காக எங்களுக்கு வீடு குடுக்காம விட்றாதீங்க.”

நான் அதை வாங்கிக் கைப்பைக்குள் போட்டேன். அப்போதே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். புருஷனை மண்ணில் இருந்து எடுத்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, இப்போது எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நியாயம் சொல்ல எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பயம்தான். வேறொன்றும் இல்லை.

விசாரணை கண்டியில், எங்கள் அலுவலகத்து மேல்மாடியில் நடந்தது. மூன்று பெரிய ஆட்கள் நீள மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு கதிரையில் அக்கா, பக்கத்தில் மொழிபெயர்க்க நான், சுவரோரம் ஓவசியர் மஹத்தயா. வேறு மொழிபெயர்ப்பாளர் இல்லை. கண்ணாடியைத் தொட்டாயா என்று கேட்டார்கள். அக்கா மறைக்கவில்லை. “ஆமாங்க, மாத்தி ஒட்டுனோம். ஒடைஞ்சா எங்க தலையில விடியும்னு மிஸ்தான் சொன்னாங்க.” நான் சிங்களத்தில் சொன்னேன்: “மாற்றி ஒட்டினார்களாம். உடைந்தால் தங்கள் மேல் குற்றம் வரும் என்று பயந்தார்களாம்.”

மிஸ்ஸை நான் விழுங்கிவிட்டேன். தமிழ் தெரியாதவருக்கும் ‘மிஸ்’ என்ற சொல் விளங்கும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள், கவனிக்கவில்லை. சுவரோரம் இருந்தவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் அக்காவின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுச் சீமெந்தும் புதுக் கண்ணாடியும் உன் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று அவரைக் கேட்டார்கள். “தெரிந்திருக்க வேண்டும் சேர்” என்று மட்டும் சொன்னார். அவருடைய பையில் நான் கையெழுத்துப் போட்ட படிவம் இருந்தது. அதை அவர் எடுக்கவே இல்லை. கண்காணிப்பில் கவனக்குறைவு என்று எழுதி அவரை வேலையில் இருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிய எதையும் நான் அக்காவுக்குச் சொல்லவில்லை. “முடிஞ்சிருச்சு அக்கா, போகலாம்” என்று சொல்லிக் கீழே கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடியை உடைத்ததற்குத்தான் விசாரணை என்று நினைத்துக்கொண்டே அவர் பஸ் ஏறினார்.

எட்டு மாதம் கழித்துக் குண்டசாலைக்குப் போனேன். மஹத்தயா பாதியாக இளைத்திருந்தார். அவரே பிளேன்டீ ஊற்றிக் கருப்பட்டியும் வைத்தார். நான் அழத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். “என்னிடம் சொல்லி என்ன மிஸ்? சுத்தமான கண்ணாடியைப் பார்த்து ஏமாந்தவன் நான். அந்த மனுஷிக்குச் சொல்லிவிட்டீர்களா, அது எதற்கு வைத்த கண்ணாடி என்று?” இல்லை என்றேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. “டீ ஆறுகிறது, குடியுங்கள்” என்றார். அதற்கு அடுத்த மாதம் மாரடைப்பில் போய்விட்டார். செத்த வீட்டில் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் கேவலமாக இருந்தது. நடந்ததை எழுதிப் பெரிய ஐயாவிடம் கொடுத்தேன். அந்தக் கோப்பு மூடியாகிவிட்டது, போன மனிதருக்கு இனி என்ன, நீங்கள் வேலையைப் பாருங்கள் என்றார். நானும் வேலையைப் பார்த்தேன்.

இப்போது பாதை வேலை மறுபடி தொடங்கியிருக்கிறது. முன்பு போட்ட அளவு போதாதாம், அகலமாக்கப் போகிறார்களாம். புதிதாக அடித்த சிவப்பு எல்லைக் கட்டைகள், மண்சரிவுக் குடும்பங்களுக்குக் கொடுத்த வீடுகளுக்கு நேர் மேலே ஓடுகின்றன. போன கிழமை புது எஞ்சினியர் பையன் என்னைக் கூப்பிட்டான். அங்கே சுவர்களில் வெடிப்பு இருக்கிறது மிஸ், கருவி வரும்வரைக்கும் கண்ணாடி ஒட்டி வைப்போம் என்றான். லாச்சியைத் திறந்து பொட்டலத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.

அக்கா வாசலிலேயே நின்றார். “வாங்க மிஸ், எத்தன வருஷமாச்சு!” என்று கையைப் பிடித்துக்கொண்டார். பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டார். “இந்தப் பாதையில நம்ம பஸ்ஸு போகுமா மிஸ்?” என்று கேட்டார். பஸ் ஏற வேண்டிய இடம் எட்டாத தூரத்தில் இருக்கிறது, ஓட்டோவை உள்ளே விடவே மாட்டார்கள் என்றேன். “அப்ப எங்களுக்கு மண்ணு மட்டுந்தானா?” என்று சிரித்தார். பிறகு எஞ்சினியரின் கையில் இருந்த கண்ணாடியைப் பார்த்ததும் முகம் மாறியது. “பயப்படாதீங்க மிஸ். பிள்ளைங்கல்லாம் பெருசாயிட்டாங்க. இந்தத் தடவ ஒடையாமப் பாத்துக்குறேன்.”

சொல்லாமல் போக இனி வழியில்லை. “அக்கா, இது ஒடையிறதுக்குத்தான் வக்கிறது. செவரு அசைஞ்சா ஒடையும். ஒடைஞ்சா மலை வருதுன்னு அர்த்தம். அன்னைக்கே வீட்ட விட்டு ஓடிறணும். அப்பவும் மஹத்தயா இதத்தான் சொன்னாரு. நான்தான் ஒங்களுக்கு மாத்திச் சொன்னேன். விசாரணையிலயும் நான்தான் மறைச்சேன்.”

நான் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். வாங்கித் தரையில் உட்கார்ந்து பிரித்தார். துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி வரிசையாக வைத்தார். “இது மஹத்தயா வச்சது. இது சாமிப் படத்துது. இது எங்க கலியாணப் படத்துது.” கலியாணக் கண்ணாடியின் மேல் விரலை வைத்தார். “அப்ப மூணு தடவ சொல்லியிருக்கு. நாங்க ரெண்டு பேருந்தான் ஒட்டி ஒட்டி அது வாய மூடியிருக்கோம்.” “நீங்க இல்ல அக்கா, நான்” என்றேன். அவர் துண்டுகளை இன்னும் நெருக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

சுவரில் சீமெந்து பூசி எஞ்சினியர் பையன் தேதி கீறி முடித்தான். நான் முழுசாக, ஒரு சொல் விடாமல் விளக்கியிருந்தேன். படிவத்திலும் கையெழுத்துப் போட்டேன். புறப்படும்போது அக்கா எழுந்து துண்டுகளை அதே பத்திரிகைத் தாளில் பழையபடி சுற்றினார். அவரே வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையில் வைத்தார்.

“இது ஒங்ககிட்டயே இருக்கட்டும் மிஸ்.”

அதைத்தான் திரும்பவும் கொண்டுவந்து லாச்சிக்குள் வைத்திருக்கிறேன்.